நாற்றங்கால் பச்சை

சென்ற மாதம் நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றார். 32 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பிரிவுபசார விழாவில் அவருக்கு 14 பொன்னாடைகள் போர்த்தினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தப் போர்த்த, மனிதர் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே மறைந்துகொண்டே வந்து, முடிவில் மூக்குக் கண்ணாடி மாத்திரமே வெளியே தெரிந்தது. பதினான்கும் ஒரே ரகம். ஒரே சரிகை போன்ற மினுமினுப்பு. மறுநாள் அவருடைய மனைவியாரைச் சந்தித்தபோது, "இவைகளைக் கட்டவும் முடியாது, போர்த்திக்கொள்ளவும் முடியாது, அடுப்பங்கரையில் கரித்துணிக்குக்கூட ஆகாது, தண்ணீரையே உறிஞ்சமாட்டேன் என்கிறதே!" என்று வருத்தப்பட்டுக்கொண்டார். அவர் கணக்கு ஆசிரியரின் மனைவியாயிற்றே. பதினான்கிலும் எவை எவை யாருக்குத் திரும்பப் போர்த்தத் தகுதியானவை என்று அதற்குள் பிரித்தும் வைத்துவிட்டார்.

பொன்னாடையின் மேல் நமக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் அதை வாங்கும் பொழுது, பெற்றுக்கொள்ளப் போகிறவர் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, எந்த நிறத்தைப் பார்த்தால் அவர் முகம் மலரும் என்று யாராவது ஒரு நிமிஷம் யோசித்ததுண்டா? இந்த வாரம் அதற்கு நேர் எதிரான ஒரு போர்வையைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறோம். ஒருவருக்காகவே, அவருக்குப் பிடித்த நிறங்களிலேயே, நம் கையால் தைத்துக் கொடுக்கும் ஒட்டுத்துணிப் போர்வை.

இது நமக்குப் புதிதா என்று நேயர்கள் கேட்கலாம். முற்றும் புதிதல்ல. தமிழ்நாட்டில் பிறந்த நாம் எல்லோருமே முதல் முதலில் படுத்தது பாட்டியின் பழம்புடவையை நாலாய் மடித்துத் தைத்த சிறு விரிப்பின் மேல்தான். பல வருஷம் தோய்த்துத் தோய்த்து மெத்தென்றான நூல் துணிக்கு ஈடாகப் புதுத்துணி எதுவும் குழந்தையின் உடம்புக்கு இதமாவதில்லை. ஆனால் நாம் அந்த வழக்கத்தைத் தொட்டிலோடு நிறுத்திக்கொண்டோம். 1676 முதல் 1855 வரையில் தஞ்சையை ஆண்ட மராட்டியர்களின் தாயகத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த 'கோதடி' இன்றும் பெரியவர்கள் போர்த்திக்கொள்ளும் பொருள். வங்காளத்துக் 'காந்தா' உலகப் பிரசித்தம். அங்குள்ள பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வர்ண நூலை உருவி எடுத்து, ஓடுதையலால் தாமரையும் யானையும் பல்லக்குமாகத் தைத்துவிடுவார்கள். குருசதய தத்தர் (1882-1941) என்ற ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர், ஊர் ஊராகச் சென்று இவற்றைச் சேகரித்தார். அவற்றுள் ஒன்று மானதாசுந்தரி தாசி என்ற பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்தது. தம் பெயரையும், இது தந்தைக்கு என்பதையும் நூலாலேயே எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுதி வைப்பதற்கு அவருக்கு அகப்பட்ட காகிதம் அதுதான் போலும்!

தஞ்சாவூரிலும் துணி மேல் துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் தொழில் இல்லாமலில்லை. தேர்த் திருவிழாவின்போது தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாய், தாமரையும் மயிலும் யாளியும் ஒட்டித் தைத்த உருளைகள். திருவாரூர் ஆழித்தேரின் 96 அடி உயரத்திலே அவை காற்றில் ஆடுவது கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் அந்த நிறங்கள் சுவாமிக்கு உரியவை. தலைமுறை தலைமுறையாக அவை இன்னின்ன என்று முடிவாகிவிட்டபடியால், தையற்காரர் சுவாமியிடம் போய், "உமக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று கேட்க வேண்டியதில்லை. மனிதர்கள் விஷயம் அப்படியல்ல. கேட்டாக வேண்டும். கேட்டாலும் பதில் வருவதில்லை என்பதுதான் நாம் கண்ட சங்கடம்.

நமக்கு ஓர் அத்தை இருக்கிறார். தகப்பனாரின் தமக்கை, திருவையாற்றில், காவிரிக்கு அருகில் உள்ள பழைய வீட்டில் தனியே வசிக்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1971-ஆம் ஆண்டில், கல்யாணமான சில வருஷங்களுக்கெல்லாம் கணவரை இழந்தார். குழந்தை இல்லை. தம்பியின் குழந்தைகளாகிய நம்மைத்தான் வளர்த்தார். நாம் பட்டம் வாங்கிப் பள்ளிக்கூட வேலைக்குப் போனதெல்லாம் அவர் கைச்சோற்றின் பலன். அன்று முதல் இன்று வரை அத்தையை வெள்ளைப் புடவையைத் தவிர வேறு உடையில் நாம் கண்டதில்லை. காலம் மாறிவிட்டது, இந்த நாளில் அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அக்கம்பக்கத்திலே அவரைப் போன்றவர்கள் நல்ல வர்ணப் புடவை உடுத்திக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறார்கள். நாமும் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தோம். "பழகிப் போச்சுடி" என்று சிரித்துவிடுவார்.

நம்முடைய சோழநாட்டு மார்கழி, கம்பளி போர்த்திக்கொள்ள வேண்டிய மார்கழியல்ல. பனி உண்டு, ஆனால் விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே வெப்பம் அதிகம் இறங்குவதில்லை. போன வருஷம் அத்தைக்கு ஒரு தடித்த செயற்கை நூல் கம்பளியை வாங்கிக் கொடுத்தோம். நடுநிசியில் வியர்த்துக் கொட்டியதாம். மாட்டுக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் நூல் போர்வை ஒன்று தைத்துக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். "அத்தை, உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று கேட்டோம்.

"இந்த வயசிலே எனக்கென்னடி நிறம்? சாயம் போகாமலிருந்தால் சரி" என்றார்.

பிடித்த நிறத்தைத் தெரிந்துகொள்ள அநேகமாக ஒரே வழி, அந்த மனிதர் வாங்கியிருக்கும் பொருள்களைப் பார்ப்பது. புடவை அலமாரியைத் திறந்தால் பத்துப் புடவையில் ஆறு ஒரே சாயலில் இருக்கும். அவர்களே அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அத்தையின் அலமாரியைத் திறந்து பார்ப்பதில் என்ன பயன்? வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை.

சென்ற ஆவணியில் அத்தையைக் கண் டாக்டரிடம் காட்டத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து, திரும்பப் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டோம். தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் போகிறவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். வழியெல்லாம் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். உழுது சேறாக்கிய பழுப்பு நிலத்தின் நடுவே நாற்றங்கால்கள் மாத்திரம் பளிச்சென்று தெரிந்தன. வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தை, யாரிடமும் அல்லாமல் தமக்குத் தாமே பேசுகிறவர்போல் சொன்னார்:

"இந்தப் பச்சையிலே எனக்கு ஒரு சின்னாளபட்டிப் புடவை இருந்தது. அரக்குக் கரை. கிளிப்பச்சை இல்லை, இலைப்பச்சையும் இல்லை. நாற்று விட்டுப் பன்னிரண்டு நாள் ஆனால் இருக்குமே, அந்தப் பச்சை."

"அது என்ன ஆயிற்று, அத்தை?" என்று கேட்டோம்.

"கொடுத்துட்டாங்க" என்றார். "கொடுத்துட்டேன்" என்று அவர் சொல்லவில்லை. மேற்கொண்டு நாமும் கேட்கவில்லை.

நிறம் தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாம் பட்ட பாட்டைச் சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். நம் தாய்மார்களுக்கு நிறங்களின் பெயர்கள் தெரிந்திருப்பதுபோல் எந்த ஓவியருக்கும் தெரிந்திராது. மாந்துளிர், மாம்பழம், கத்தரிப்பூ, வாடாமல்லி, வெங்காயத்தோல், மயில்கழுத்து! பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்வதால்தான் மயில்கழுத்து நாம் அசையும்போதெல்லாம் நீலமும் பச்சையுமாக மாறுகிறது. ஒரு மனுஷியின் பெயரே நிறத்துக்கு ஆகிவிடுவதும் உண்டு. காஞ்சீபுரத்து முத்துச் செட்டியார் திருமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மிக்காக நெய்த நீலம் இன்றும் 'எம்.எஸ். நீலம்'தானே? இத்தனை இருந்தும், கடைத்தெருவில் "நாற்றங்கால் பச்சை" என்று கேட்டால் பையன்கள் விழிக்கிறார்கள். கிளிப்பச்சையை எடுத்துப் போடுகிறார்கள். அது கண்ணைக் குத்துகிறது.

நாமே சாயம் தோய்த்துவிடலாம் என்று ஒரு யோசனை தோன்றிற்று. வெளிறிய நீல நூல்துணி ஒன்றை மஞ்சள் கரைத்த வெந்நீரில் முக்கி எடுத்தோம். ஆஹா, சாக்ஷாத் அதே பச்சை! பெருமையோடு சவர்க்காரம் போட்டுத் துவைத்தோம். துணி செம்பழுப்பாகிப் போயிற்று. மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும் என்பதை வருஷந்தோறும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவர்கள் நாம். வீட்டில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. தண்ணீரில் அலசியதும் பச்சை திரும்பி வந்தது வாஸ்தவம். இரண்டு நாள் வெயிலில் போட்டதும் மஞ்சள் பறந்து, பழையபடி நீலம் நின்றது.

கடைசியில் வேலையை எளிதாக்கியவர்கள் உறவினரும் அண்டை வீட்டாருமே. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒரு பச்சை இருந்தது. மாமியின் பழைய சுங்குடி, சக ஆசிரியை ஒருவரின் ரவிக்கைத் துண்டு, தையற்கடையில் மிஞ்சிய வெட்டுத் துணி என்று பத்துப் பன்னிரண்டு விதப் பச்சைகள் சேர்ந்தன. தனித்தனியே ஒன்றும் அத்தை சொன்ன பச்சையல்ல. எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய அதுவாகத் தோன்றியது. நாற்றங்காலும் அப்படித்தானே? அருகில் போய்ப் பார்த்தால், அடித்தூர் வெளுப்பு, நடு மஞ்சளிப்பு, நுனி கரும்பச்சை.

இப்பொழுது செய்முறை. இதில் சூட்சுமம் அதிகம் இல்லை, பொறுமைதான் வேண்டும். சேகரித்த துணிகளில் ஒவ்வொன்றையும் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை பல தடவை அலசுங்கள். அப்படியும் விடாமல் சாயம் கக்கினால் தயவு தாட்சண்யமின்றித் தள்ளிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயத் தொட்டியில் உப்புப் போடுவது சாயம் நூலில் ஏறுவதற்கு. ஏறாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை உப்பு பிடித்து வைப்பதில்லை. நம்மிடம் அகப்பட்ட அரக்குத் துணிகளில் இரண்டை இப்படித் தள்ள வேண்டியதாயிற்று. கஞ்சி போட்ட துணியைக் கஞ்சி முழுவதும் போக அலசிவிடுவதும் அவசியம். இல்லாவிட்டால் ஊசி இறங்காது, பூச்சியும் வரும்.

துணிகளை நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டினோம். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, நாலு அங்குலம் மிஞ்சும். குறுக்கே 11, நெடுக்கே 18, ஆக 198 சதுரங்கள். நாற்பத்துநாலு அங்குல அகலமும் ஆறடி நீளமும் கொண்ட மேல்துணி ஆயிற்று. அடித்துணிக்குப் பழைய ஆறு கஜப் புடவை ஒன்றே போதும். பதினெட்டடிப் புடவையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளத்தில் மூன்று அடுக்கு. அகலமும் சரியாக அமைந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று நமக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஆர்க்கிமிடீஸுக்கு ஏற்பட்டதற்குக் குறைந்ததல்ல.

அத்தையின் வெள்ளைப் புடவையையே அடித்துணியாக வைக்க வேண்டுமென்று நமக்கு ஆசை. அவரிடம் போய், பள்ளிக்கூட நாடகத்துக்குத் திரை வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னோம். அத்தை நம்மை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால், இரண்டு வெள்ளைப் புடவைகளும், நடுவில் அரக்குக் கரை போட்ட ஒரு நாலு முழ வேஷ்டியும் இருந்தன. மடிப்பில் இற்றுப்போன மிகப் பழைய வேஷ்டி. தவறிப்போய் வந்துவிட்டது என்று நினைத்தோம். திருப்பிக் கொடுக்கலாமென்றால் திரைக் கதையை மறுபடியும் பேச வேண்டிவரும். நாலு முழம் என்பது சரியாக ஆறடி. துணியும் பஞ்சாக இருந்தது. புடவை அடுக்குகளுக்கு நடுவே அதையும் விரித்துவிட்டோம். மற்றொரு புடவையிலிருந்து வெட்டிய வெள்ளைச் சதுரங்களையும் மிஞ்சிய அரக்குத் துணியையும் பச்சைகளுக்கு இடையே வரப்புப்போல் ஓட்டினோம்.

அடுக்குகள் நழுவாமலிருக்க, முதலில் நீளநீளமாக நூலோட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்து உப்பிக்கொள்ளும். நமக்கு முதல் வாரம் அப்படித்தான் ஆயிற்று, பிரித்துப் போட்டோம். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசை வீதம் தடித்த பருத்தி நூலால் ஓடுதையல். இயந்திரத்தில் ஒரு நாளில் முடித்துவிடலாம். கையால் தைத்ததற்குக் காரணம் கலையுணர்ச்சி அல்ல; இற்றுப்போன பழந்துணியில் இயந்திர ஊசி ஓடினால் கோடு போட்டதுபோல் கிழிந்துவிடும். பரீட்சைத் தாள்களைத் திருத்திய பின் இரவில் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி. ஐப்பசி மழையில் பாதியும் கார்த்திகையில் மீதியும் முடிந்தன.

இதற்கிடையில் வீட்டுக்கு வந்த உறவுக்கார மூதாட்டி ஒருவர், போர்வை யாருக்கு என்று விசாரித்தார். சொன்னோம். "அவளுக்கு எதுக்குடி பச்சையும் சிவப்பும்? ஊர் என்ன சொல்லும்?" என்றார். போர்வையை ஊர் எங்கே பார்க்கப் போகிறது என்று நாம் கேட்டதற்கு, "அவள் பார்ப்பாளே!" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆறிப்போன புண்ணைக் கிளறுகிறோமோ என்ற பயந்தான் அவருக்கு. உண்மையைச் சொன்னால், அன்று இரவு நமக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. நாலு நாள் ஊசியைத் தொடவில்லை.

அந்த நாலு நாளில் நமது நினைவுக்கு வந்தது அமெரிக்க தேசத்து அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். ஆற்று வளைவில் அகப்பட்டுக்கொண்ட பருத்தி நாடு. அடிமைகளாய் இருந்தவர்களின் சந்ததியார் வாழ்வது. அங்கே மிஸூரி பெட்வே என்ற பெண்மணி, 1942-ல் கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்திய பழைய கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்து, மகள் அர்லோன்சியாவின் துணையோடு ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காகப் போர்த்திக்கொள்ளவுமே தைப்பதாகத் தாயார் சொன்னாரென்று மகள் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். நீலமும் பழுப்புமாய், முழங்கால் தேய்ந்த இடமெல்லாம் தெரியும் அந்தப் போர்வை இன்று வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. துக்கம் நேர்ந்த வீட்டில் நிறத்தை எடுத்துவிட வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஐந்தாம் நாள் ஊசியை எடுத்தோம்.

மார்கழி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையன்று போர்வையை எடுத்துக்கொண்டு திருவையாற்றுக்குப் போனோம். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்தோம். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தை இரண்டு விரல்களால் நெருடிப் பார்த்தார்.

"நாடகம் எப்படி நடந்தது?" என்று கேட்டார்.

நாம் தலை குனிந்து நின்றோம்.

"வேஷ்டியை உள்ளே வைத்தாயா?"

"வைத்தேன், அத்தை. அது தவறிப்போய் வந்ததென்று..."

"உங்க மாமாவோடதுடி. நீ திரை என்றபோதே தெரிஞ்சுக்கிட்டேன். எந்தப் பள்ளிக்கூடத்திலே நைந்த புடவையிலே திரை கட்டறாங்க?" என்றார்.

உள்ளே எழுந்து போய்க் கட்டிலில் போர்வையை விரித்தார். பச்சைப் பக்கம் மேலே தெரியும்படிதான் விரித்தார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளிச்சத்தில் குனிந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கால்மாட்டில் ஒரு சதுரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது கிளிப்பச்சை" என்றார்.

உண்மைதான். துண்டு போதாமல் கடைசியில் கடையில் வாங்கிய துணியில் ஒன்றைச் சேர்த்திருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊசியும் நூலும் வேறொரு துண்டுமாகப் போய், அந்த ஒரு சதுரத்தைப் பிரித்து மாற்றித் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.